கால் வட்டம்

ஸ்பானிஷில் எழுத வேண்டிய நான்கு பலகைத் தலைப்புகளில் மூன்றை கிறிஸ்டினா கம்பெனி பஸ்ஸிலேயே முடித்துவிட்டாள். கவரைப்பேட்டையில் ஏறியவள் கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் இறங்குவதற்குள் மூன்றும் ஸ்பானிஷில் வந்து உட்கார்ந்துவிட்டன. நான்காவதுதான் படுத்தியது. இருப்பதிலேயே சுலபம் என்று நினைத்து அவள் கடைசிக்கு ஒதுக்கி வைத்த சொல் அது: பேசிக்.

போனில் தட்டினால் ஒன்றுக்கு ஐந்தாக வந்தது. பாஸிகோ, எலெமென்தால், இன்த்ரோதுக்தோரியோ, இனித்தியால், பிரின்திபியாந்தே. ஏதாவது ஒன்றை எழுதிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் சொற்கள் ஸ்பானர் மாதிரி. பார்க்க ஒரே ஜாடையாக இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு அளவு நட்டில்தான் பிடிக்கும்.

பாஸிகோ என்றால் அடியில் இருப்பது, மற்றதெல்லாம் மேலே ஏறி நிற்பதற்கு உரியது. சம்பளத்தில் பேசிக் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. எலெமென்தாலும் எளிமையைத்தான் சொல்கிறது. ஆனால் அதில் 'இதுகூடத் தெரியாதா' என்ற வாடை லேசாக அடிக்கும். இன்த்ரோதுக்தோரியோ வாசற்கதவு. பாடத்துக்கும் புத்தகத்துக்கும் சொல்லலாம், ஆளுக்குச் சொல்ல முடியாது. இனித்தியால் வரிசையில் முதலில் வருவது, அவ்வளவுதான். பிரின்திபியாந்தே ஆளைக் குறிக்கும், இப்போதுதான் வந்து சேர்ந்த ஆளை.

ஆக, எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று தெரிந்தால் சொல் தானாக வந்துவிடும். அறிவைச் சொல்கிறோமா, பாடத்தையா, ஆளையா? கம்பெனிப் பலகையில் இருந்த 'பேசிக்' என்ற ஆங்கிலச் சொல்லோ எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துவிட்டு எதற்கும் பதில் சொல்லாமல் நின்றது.

அந்தப் பலகை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அவள் சிக்கல் புரியும். கார் விளக்குகளுக்குப் பின்மூடி செய்யும் தொழிற்சாலை அது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, இரும்பு மோல்டுக்குள் தள்ளி, ஆறவைத்து எடுத்தால் ஒரு மூடி. புதிதாக வந்த எலெக்ட்ரிக் மெஷின்களுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு வட்டம், நான்கு காலாகப் பிரித்தது. முதல் கால் பேசிக். இரண்டாவது, தனியாக ஓட்டுவது. மூன்றாவது, செட்டிங். அதாவது கிரேனில் மோல்டை இறக்கி வேறு மோல்டை ஏற்றி, தண்ணீர்க் குழாய் மாட்டி, சூடும் அழுத்தமும் சரிபார்த்து, பிசிறு இல்லாமல் முதல் நல்ல பீஸை எடுப்பது. நான்காவது, டிரெய்னர்.

இந்தக் கால்களை யார் நிரப்புவது என்பதில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேனேஜர் நிரப்புவதில்லை. யார் கற்றுக்கொடுத்தாரோ அவர்தான் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோர் முன்னாலும் பச்சை மார்க்கரால் தீட்ட வேண்டும். தீட்டினதும் கைதட்டுவார்கள். நல்ல வழக்கம்தான். கற்றுக்கொடுத்தவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கிறிஸ்டினாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் லைன் லீடர் மோசஸ். ஒரே சபை. அவள் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். புது மெஷின் வந்தபோது, "புது மெஷின், புதுக் கணக்கு. எல்லாரும் பேசிக்லேர்ந்து வாங்க" என்று ஆளுக்கு ஒரு கால் தீட்டினார். தன் வட்டத்தை மட்டும் முழுசாக நிரப்பிக்கொண்டார். வருஷம் திரும்பிவிட்டது. மோல்டு மாற்றுவது முக்கால்வாசி கிறிஸ்டினாதான். வட்டத்தில் இன்னும் கால்தான் பச்சை. கேட்டால், "வரட்டும்மா, பார்த்துக்கலாம்" என்பார். அவளிடம் வேலை கற்ற நந்தினிக்கும் கால்தான்.

கம்பெனியின் தலைமை ஆலை ஸ்பெயினில் இருக்கிறது. மெஷின் பூட்ட அங்கிருந்து வந்த ஃபிட்டர்கள் மாசக்கணக்கில் இங்கே கிடந்தார்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் அரைகுறை. அவர்களோடு கையாட்டிப் பேசப் போய், பிறகு போனில் பாடம் கேட்டு, கிறிஸ்டினாவுக்கு ஸ்பானிஷ் ஒட்டிக்கொண்டது. போனை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்தார்கள். மெஷின் சத்தத்தில் அது 'மோல்டை இறக்கு' என்பதை ஏதோ இறுதிச் சடங்கு மாதிரிச் சொல்லிவைத்தது. அதனால் வியாழக்கிழமை வீடியோ கூட்டத்தில் அந்தப் பக்கம் பயிற்சிப் பொறுப்பாளர் லூர்தெஸ், இந்தப் பக்கம் மோசஸ், நடுவில் கிறிஸ்டினா. லூர்தெஸை இங்கே எல்லோரும் லூர்தம்மா என்பார்கள். லூர்தம்மாவைப் பொறுத்தவரை கிறிஸ்டினா ஒரு குரல். அந்தக் குரலுக்குக் கையும் உண்டு, அந்தக் கையில் கிரீஸும் உண்டு என்பது அவருக்குத் தெரியாது.

லூர்தம்மா நேரில் வரப்போகிறார், அதற்குள் பலகைத் தலைப்புகளை ஸ்பானிஷிலும் எழுத வேண்டும் என்றுதான் இந்த வேலை வந்தது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் உண்டு. இங்கிருந்து ஒருவர் நான்கு மாதம் ஸ்பெயின் போய்ப் படித்துவிட்டு வந்து, பிறகு இந்த ஆலைக்கே டிரெய்னராக இருக்கலாம். "உன் பேர்தான் சொல்லப் போறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் வீட்டில் பிரியாணி சாப்பிடும்போது மோசஸ் சொல்லியிருந்தார். அவள் கணவன் யேசுதாஸ், "நாலு மாசம்தானே, பாப்பாவ நான் பார்த்துக்கிறேன். ஜடைதான் கொஞ்சம் கோணலா வரும்" என்றான். அடுத்த நாளே அவள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டாள். அதுவும் கைக்கு வந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை கூட்டத்தில் லைன் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். லூர்தம்மா கேட்டார். கிறிஸ்டினா தமிழில் சொன்னாள்: "யார அனுப்பப் போறீங்கன்னு கேக்குறாங்கணா."

மோசஸ் தொண்டையைச் செருமினார். "இப்போதைக்கு லைன்ல யாரும் ரெடி இல்ல. நானே வரேன்னு சொல்லு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பவர் எதிர்த்துக் கேட்கக் கூடாது. சொன்னதைச் சொல்ல வேண்டும், பேசுகிறவர் 'நான்' என்றால் தானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். இந்த விதியை அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்டிருந்தாள், ஒருநாளும் மீறியதில்லை. சொன்னாள்.

"அப்போ கிறிஸ்டினா?" என்றார் லூர்தம்மா. "மொழி தெரியுமே, வசதியாக இருக்குமே?"

தன்னைப் பற்றிய கேள்வியை அவளே தமிழில் கேட்டாள்.

"கிறிஸ்டினா... ஒன்லி பேசிக்" என்று மோசஸ் நேராகத் திரையைப் பார்த்து ஆங்கிலத்திலேயே சொல்லிப் பார்த்தார். லூர்தம்மாவுக்குக் காதில் விழவில்லை. காதருகே கையை வைத்துக் காட்டினார். மோசஸ் இவள் பக்கம் சாய்ந்தார்.

"சொல்லும்மா. தப்பா எடுத்துக்காத. பேசிக்தான் தெரியும்னு சொல்லு."

பஸ்ஸில் ஐந்து சொல்லாக அவளை அலைக்கழித்ததே, அந்தச் சொல்தான். இப்போது எதைப் பற்றி என்று தெளிவாகவே தெரிந்தது. அவளைப் பற்றி. ஆனாலும் ஐந்தில் ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை. புதுசாக வந்தவள் என்றால் பொய். எலெமென்தால் என்றால் தன்னையே மட்டம் தட்டுவது. கடைசியில் பாஸிகோ என்றாள். குரல் தடுமாறவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம்.

லூர்தம்மா நெற்றியைச் சுருக்கினார். "பாஸிகோ என்றால்? கே சாபே அதேர்?"

"இன்னா செய்யத் தெரியும்னு கேக்குறாங்க."

"மெஷின் ஓட்டுவா. பீஸ் எடுப்பா."

"மோல்டு மாத்துவாளான்னு கேக்குறாங்க."

"மோல்டு நான்தான் மாத்துறேன்."

காலையில் மோல்டு மாற்றிய கிரீஸ் அவள் நகக்கண்ணில் இன்னும் கறுப்பாக இருந்தது. ஸ்பானர் எடுத்துக் கொடுத்த நந்தினி எதிரேதான் நின்றாள். கிறிஸ்டினா அவளைப் பார்த்தாள். நந்தினி தன் ஷூவைப் பார்த்தாள்.

"எல் மோல்தே லோ காம்பியோ யோ" என்றாள் கிறிஸ்டினா. மோல்டை நான்தான் மாற்றுகிறேன். மோசஸின் 'நான்' அவள் வாயில் வந்தபோது, அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே உண்மையாக அது ஆகிப்போனது. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. லூர்தம்மா தலையாட்டினார், அடுத்த வாரம் முடிவு செய்யலாம், தலைப்புகளை அனுப்பிவிடு என்று சொல்லிக் கையசைத்தார்.

டீ நேரத்தில் மோசஸே வந்தார், இரண்டு கிளாஸோடு.

"இன்னா கிறிஸ்டி, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? டீ ஆறிடப் போவுது."

"காலைல மோல்டு மாத்துனது யாருணா?"

"நீதான்."

"அப்புறம் ஏன் அங்க அப்டி சொன்னீங்க?"

"யோசிச்சுப் பாரும்மா. நான் நாலு மாசம் போறேன்னு வை. நீ கீற, லைன் ஓடும். நீ போறேன்னு வை. யாரு கீறாங்க? இந்த முதுக வச்சிக்கினு ராவும் பகலும் நானே கிரேன புடிச்சித் தொங்கணும். பேஜாராயிடும்."

"அப்போ எனக்கு எல்லாம் தெரியும்னு உங்களுக்குத் தெரியுது."

"தெரியாம? கத்துக் குடுத்ததே நான்தானே." அதைப் பெருமையாகவே சொன்னார். கண்ணில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கள்ளம் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"பேசிக்னு சொன்னீங்களே."

"ஒரு வார்த்ததானேம்மா. அவங்களுக்கு ஒரு பதில் வேணும், சொன்னேன். அடுத்த வருசம் உனக்குப் பார்த்துக்கலாம். பாப்பாக்கு நான் ஞானத்தகப்பன். உனக்குக் கெட்டது நெனப்பனா?"

அவள் டீயை எடுக்கவில்லை. "சரி சார்" என்றாள். அவளைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர், 'சார்' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து கேட்டதே இல்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மோசஸ் போய்விட்டார்.

மாலை பஸ்ஸில் நந்தினி வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆர்.கே.பேட்டைப் பெண், கவரைப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஊருக்குப் போய்வந்தால் கிறிஸ்டினா வீட்டுக்கென்று ஒரு பை வேர்க்கடலை வரும். அவ்வளவு ஒட்டு.

"ஒரு வார்த்த சொல்லலியேடி" என்றாள் கிறிஸ்டினா. "ஸ்பானர் நீதானே குடுத்த?"

நந்தினி ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள். "நான் சொன்னா எடுப்பாங்களாக்கா? பேசிக் ஆளு, பேசிக் ஆளுக்குச் சாட்சியா? என் வட்டத்துலயும் ஒரு கால்தான் கீது."

"அது மோசஸ் சார்..."

"மோசஸ் சார் இல்லக்கா. எனக்குக் கத்துக் குடுத்தது நீ. என் கால நீதான் போடணும். போன மாசம் தனியா மோல்டு மாத்துனேன், நீ டீ குடிச்சிக்கினு பாத்துக்கினு இருந்த. அப்போ கேட்டேன். இன்னா சொன்ன?"

கிறிஸ்டினாவுக்கு நினைவிருந்தது. "எனக்கே அண்ணன் போடல, உனக்கு எப்படிடி?" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். மார்க்கர் அப்போது அவள் சட்டைப் பையில்தான் இருந்தது.

பஸ் இறங்கும்போது நந்தினி, "வரேங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை கேன்டீனில் நாஷ்டாத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கிறிஸ்டினா மறுபடி போனை எடுத்தாள். தலைப்பு இன்னும் அனுப்பவில்லை. அதே ஐந்து சொற்கள். இந்த முறை அவள் சொற்களைப் பார்க்கவில்லை, கூட்டத்தை நினைத்துப் பார்த்தாள். பாஸிகோ என்றதும் லூர்தம்மா என்ன செய்தார்? 'பாஸிகோ என்றால்?' என்று கேட்டார். அவர் ஸ்பெயின்காரர். அவருக்கே அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை! அப்படியானால் கோளாறு அவளுடைய ஸ்பானிஷில் இல்லை.

அவள் ஒரு இட்லியைப் பிய்த்தாள். சொல் உள்ளே காலியாக இருந்தால் அதில் யாரும் எதையும் போட்டு மூடலாம். மோசஸ் தன் முதுகு வலியைப் போட்டார். நந்தினி விஷயத்தில் இவள் தன் வயிற்றெரிச்சலைப் போட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, பச்சையாக, ஒரு கால் வட்டமாகத்தான் தெரியும். ஆனால் 'இன்னா செய்யத் தெரியும்?' என்று கேட்டபோது மோசஸ் பொய் சொல்ல வேண்டியிருந்தது. பேசிக் என்றபோது பொய்கூடத் தேவைப்படவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மோல்டு மாற்றுவாள், மாற்ற மாட்டாள் என்பதை மெஷின் முன்னால் நிறுத்திப் பார்த்துவிடலாம். பேசிக்கா இல்லையா என்பதை எந்த மெஷின் முன்னாலும் பார்க்க முடியாது.

அவள் அந்தச் சொல்லை அழித்தாள். மற்ற மூன்றையும் சேர்த்து அழித்தாள். நான்கு இடத்திலும், அந்த ஆள் என்ன செய்வார் என்பதை மட்டும் ஒவ்வொரு வரியாக ஸ்பானிஷில் எழுதி, கீழே தமிழிலும் எழுதினாள். நான்காவதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. டிரெய்னர் என்பவர் என்ன செய்வார்? இன்னொருவரை மூன்றாவது கால் வரைக்கும் கொண்டுவந்திருப்பார். அப்படியானால், நந்தினியின் மூன்றாம் காலைத் தீட்டாமல் வைத்திருந்த இத்தனை நாளும் அவள் தன் நான்காம் காலையும் தானே மறித்து உட்கார்ந்திருந்தாள்.

அனுப்பினாள். லூர்தம்மாவிடமிருந்து மதியமே பதில் வந்தது: நன்றாக இருக்கிறது, இப்படியே எழுது, அடுத்த கூட்டத்தில் பேச வேண்டாம், செய்து காட்டுங்கள்.

அடுத்த வியாழக்கிழமை போனை கிறிஸ்டினா பிடித்துக்கொண்டாள். மெஷின் முன்னால் நந்தினி. மோல்டைக் கிரேனில் கோத்தாள், கிளாம்ப் தளர்த்தினாள், இறக்கினாள், அடுத்ததை ஏற்றினாள். குழாய் மாட்டும்போது ஒன்றை மாற்றி மாட்டிவிட்டு, தானே பார்த்து, நாக்கைக் கடித்து, கழற்றிச் சரிசெய்தாள். கிறிஸ்டினா ஒரு சொல் சொல்லவில்லை. முதல் பீஸ் ஓரத்தில் நிரம்பாமல் வந்தது. இரண்டாவதில் பிசிறு. மூன்றாவதை நந்தினி விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேமராவுக்கு நேராக நீட்டினாள். சுத்தமாக இருந்தது.

கைதட்டல் அடங்கினதும் லூர்தம்மா கேட்டார். கிறிஸ்டினா தமிழில் சொன்னாள்: "உனக்கு யாரு கத்துக் குடுத்தாங்கன்னு கேக்குறாங்க."

நந்தினி போனைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள். "இந்த அக்காதான். மோல்டு மாத்துறது, செட்டிங்கு, எல்லாமே. அன்னிக்கு மாத்துனதும் இவங்கதான். நான்தான் ஸ்பானர் குடுத்தேன். அதையும் சொல்லுக்கா."

விதிப்படி 'இந்த அக்கா' என்றுதான் அவள் மொழிபெயர்த்திருக்க வேண்டும். கிறிஸ்டினா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். "யோ" என்றாள். நான். பிறகு மீதியையும் சொன்னாள்.

லூர்தம்மா அவளைப் பார்த்தார். முதன்முறையாகப் பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு மோசஸை அழைத்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கிறிஸ்டினா அதை அப்படியே அவருக்குச் சொன்னாள். மோசஸ் தன் கையில் நந்தினி கொடுத்த மூடியை வைத்திருந்தார். ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். பிசிறு தேடுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. "இல்ல" என்றார்.

"அப்படியானால் நீ வா" என்றார் லூர்தம்மா, கிறிஸ்டினாவிடம்.

மறுநாள் ஷிப்ட் தொடக்கத்தில் அவள் நந்தினியின் இரண்டாம், மூன்றாம் கால்களைத் தீட்டினாள். அவளுடையதைத் தீட்ட வேண்டியவர் மோசஸ். வழக்கம் அது. அவர் வந்தார், மார்க்கரைத் திறந்தார், மூன்றையும் ஒரே மூச்சில் தீட்டினார், கோட்டைத் தாண்டிக்கூட. கைதட்டலுக்கு நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார். மகள், "மாமா ஏம்மா அங்க கீறாரு?" என்று கேட்டாள். கிறிஸ்டினா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள்.

பலகையில் இப்போது பேசிக் என்ற சொல் எந்த மொழியிலும் கிடையாது. முதல் காலுக்கு மேலே ஸ்பானிஷில் 'திரபாஹா கோன் ஆல்கியென் அல் லாதோ' என்றும், அதற்குக் கீழே தமிழில் இப்படியும் எழுதியிருக்கிறது: பக்கத்தில் ஒருவர் நின்றால், இவர் இந்த மெஷினை ஓட்டுவார்.